தண்ணீர் நெல்லுக்கு, மிச்சம் மீனுக்கு: தமிழ்நாட்டு அணைகளிலும் கண்மாய்களிலும் மீன் விளைவது எப்படி

மேட்டூர் அணை 120 அடி நிரம்பி நிற்கிற நாளில் அதன் நீர்ப்பரப்பு 15,000 ஹெக்டேரைத் தாண்டும். இவ்வளவு தண்ணீர் இருந்தால் மீனும் கொட்டிக் கிடக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. 1990களின் நடுவில் இந்திய நீர்த்தேக்கங்களின் மீன் விளைச்சலைத் தொகுத்துப் பார்த்தபோது, தமிழ்நாட்டின் பெரிய அணைகள், அதாவது 5,000 ஹெக்டேருக்கு மேல் பரப்புள்ளவை, வருடத்துக்கு ஹெக்டேருக்கு 12, 13 கிலோ அளவில்தான் மீன் கொடுத்திருந்தன. 1,000 ஹெக்டேருக்குக் குறைந்த சிறிய தேக்கங்கள் 50 கிலோவை நெருங்கின. இரண்டரை ஏக்கர் தண்ணீரில் வருடம் முழுக்கப் பன்னிரண்டு கிலோ என்றால், ஒரு நல்ல குடும்பக் கல்யாணத்துக்குக்கூடக் காணாது.

பெரிய தண்ணீரில் ஏன் குறைவாக விளைகிறது, சின்னத் தண்ணீரில் ஏன் கூடுதலாக விளைகிறது என்பது புரிந்துவிட்டால், அணைக்கரையில் விற்கிற மீன், கண்மாய் ஏலத்துச் சண்டை, ஆண்டுதோறும் அணைகளில் குஞ்சு விடுகிற நிகழ்ச்சி எல்லாமே ஒரே கதையின் பகுதிகள் என்று தெரியும்.

முதலில் ஆழம். மீன் உணவு என்பது கடைசியில் வெயிலில்தான் ஆரம்பிக்கிறது. வெயில் படுகிற மேல்தண்ணீரில் நுண்பாசி வளரும், அதைத் தின்று கண்ணுக்குச் சரியாகத் தெரியாத சிறு உயிரிகள் வளரும், அவற்றைத் தின்று மீன் வளரும். ஐந்தாறு அடி ஆழமுள்ள கண்மாயில் அடிமண்வரை வெளிச்சமும் சூடும் போகும். சேற்றில் இருக்கிற சத்து உடனுக்குடன் தண்ணீரில் கலக்கும். நூறு அடி ஆழமுள்ள அணையில் மேலே இருக்கிற சில அடித் தண்ணீர் மட்டுமே வேலை செய்கிறது. செத்த பாசி, இலைதழை, மீன் கழிவு எல்லாம் கீழே போய் இருட்டில் உட்கார்ந்துவிடும். அந்தச் சத்து மேலே ஏறி வருவதற்குள் அணையின் அடிமட்டத்தில் உள்ள மதகைத் திறந்துவிடுவார்கள். சத்துள்ள தண்ணீர் நேராக வாய்க்காலுக்குப் போய்விடும். நெல்லுக்கு நல்லது, மீனுக்கு நஷ்டம்.

அணை கட்டி முதல்முறை தண்ணீர் தேங்கும்போது மட்டும் நிலைமை வேறு. மூழ்கிய வயல், தோப்பு, புல்வெளி எல்லாம் அழுகிச் சத்தாக மாறும். அந்தச் சில வருடங்களில் மீன் எக்கச்சக்கமாகப் பெருகும். அப்புறம் அந்த இருப்பு தீர்ந்ததும் விளைச்சல் இறங்கி, ஒரு சாதாரண நிலையில் வந்து நிற்கும். பல அணைக்கரைகளில் பெரியவர்கள் "அந்தக் காலத்தில் ஆளுயர மீன் கிடைத்தது" என்று சொல்வதில் கொஞ்சம் மிகை இருக்கலாம், ஆனால் அடிப்படை உண்மை இதுதான்.

ஆழத்தைவிடப் பெரிய விஷயம், தண்ணீர் யார் சொல்படி ஏறி இறங்குகிறது என்பது. மேட்டூரை டெல்டா பாசனத்துக்கு ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது வழக்கம், கையிருப்பு இருந்தால். மீன்கள் இனப்பெருக்கம் செய்கிற காலமும் ஏறக்குறைய அதற்குள்தான் வருகிறது. தென்மேற்குப் பருவமழையில் புது வெள்ளம் வரும்போது கெண்டை வகை மீன்கள் ஆற்றை எதிர்த்து மேலே ஏறும். மேட்டூர் மீன்களுக்கு அந்த வழி ஒகேனக்கல் பக்கம். வெள்ளம் சரியான நேரத்தில் வந்து, கரையோரப் புல்தரை மூழ்கி, சில வாரங்கள் மட்டம் நிலையாக நின்றால், குஞ்சுகளுக்கு ஒதுங்க இடமும் தீனியும் கிடைக்கும். வெள்ளம் தாமதமானாலோ, ஏறிய மட்டம் வேகமாக இறங்கினாலோ அந்த வருடக் குஞ்சுகள் போனதுதான். செடிகொடிகளில் ஒட்டுகிற முட்டைகள் வெயிலில் காய்ந்துவிடும். ஆழமில்லாத இடத்தில் ஜிலேபி மீன் முட்டையிடத் தோண்டிய குழிகள் தரைக்கு வந்துவிடும். அணையைத் திறக்கிற அட்டவணையில் நெல்லுக்கு ஓர் இடம், குடிநீருக்கு ஓர் இடம், மின்சாரத்துக்கு ஓர் இடம் உண்டு. மீனுக்கு இல்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அணை கட்டியதே பாசனத்துக்குத்தான். ஆனால் மீன் குறைந்ததற்கு மீனவரை மட்டும் குற்றம் சொல்லும்போது இதை மறந்துவிடக் கூடாது.

மட்டம் இறங்கும்போது இன்னொன்றும் நடக்கும். தண்ணீர் வற்ற வற்ற மீன்கள் சிறிய இடத்தில் நெருக்கமாகச் சேரும், வலையில் கூடுதலாக விழும். பண்ணவாடியில் மூழ்கிக் கிடக்கிற நந்தி சிலையும் பழைய தேவாலயக் கோபுரமும் வெளியே தெரிகிற வருடம் சுற்றுலாக்காரர்களுக்கு வேடிக்கை. மீனவருக்கு அது கொஞ்ச நாள் நல்ல வரும்படி, அதைத் தொடர்ந்து மோசமான ஒரு வருடம். அடுத்த வருடத்துக்குத் தாய்மீனாக நிற்க வேண்டியதும் அந்த நெருக்கடியில்தான் பிடிபட்டுவிடுகிறது.

அணைகள் வந்ததால் காவிரிக்கு என்ன ஆனது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கடலிலிருந்து ஆற்றுக்குள் ஏறி முட்டையிடுகிற உல்லம் மீன் ஒரு காலத்தில் கொள்ளிடம் வழியாகக் காவிரிக்குள் வந்துகொண்டிருந்தது. 1934-இல் மேட்டூர் அணை முடிந்து வெள்ளத்தின் போக்கே மாறிய பிறகு அந்த மீன்பிடிப்பு படுத்துவிட்டது. ஆற்றிலேயே பிறந்து வளர்ந்த சேல் கெண்டை, கருமுழிக் கெண்டை, வெண்கெண்டை போன்றவை ஓடுகிற தண்ணீருக்குப் பழகியவை. நின்ற தண்ணீரில் அவை மெல்ல மெல்லக் குறைந்தன. அந்த இடத்தில்தான் கட்லா வந்தது.

கட்லா காவிரியின் மீன் அல்ல. வடக்கே கோதாவரி, கங்கை ஆறுகளின் மீன். மெட்ராஸ் மாகாண மீன்துறை இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்திலிருந்தே அதைத் தெற்கே கொண்டுவர முயன்றது. மேட்டூரில் விட்ட கட்லா அங்கேயே இனப்பெருக்கம் செய்து நிலைத்துவிட்டது. தண்ணீரின் மேல்மட்டத்தில் மிதக்கிற சிறு உயிரிகளைத் தின்னும் மீன் அது. அணைத் தண்ணீரில் அந்த உணவைத் தின்ன வேறு பெரிய மீன் இல்லை. காலியாக இருந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது என்றே சொல்லலாம். நடுமட்டத்தில் மேய்கிற ரோகு, அடிமண்ணைக் கிளறுகிற மிர்கால் இரண்டும் அதற்குத் துணை. இன்றைக்குச் சேலத்திலோ ஈரோட்டிலோ "அணை மீன்" என்று கேட்டால் இந்த மூன்றைத்தான் பெரும்பாலும் வெட்டிக் கொடுப்பார்கள். உள்ளூர் மீன் என்று நாம் நினைத்துச் சாப்பிடுவதில் பாதிக்கு மேல் வந்தேறிகள்!

கட்லா குஞ்சுக்கு ஆரம்பத்தில் ஆற்றையே நம்ப வேண்டியிருந்தது. வெள்ளத்தில் மிதந்து வரும் நுண்குஞ்சுகளை வலையில் அரித்து எடுத்து, தகரப் பாத்திரங்களில் ரயிலேற்றி அனுப்புவார்கள். வழியிலேயே பாதி செத்துவிடும். எது கட்லா, எது வாளைக் குஞ்சு என்று பிரிப்பதும் கஷ்டம். 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில் ஹிராலால் சௌத்ரி, பிட்யூட்டரி சுரப்பிச் சாற்றை ஊசியாகப் போட்டுக் கெண்டை மீனைக் குளத்திலேயே முட்டையிட வைத்தார். அந்த நாளைத்தான் இப்போது தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடுகிறார்கள். அதற்குப் பிறகு குஞ்சு என்பது பண்ணையில் தயாராகிற பொருளாகிவிட்டது. குஞ்சு எளிதாகக் கிடைக்க ஆரம்பித்ததும், அணைகளில் வருடாவருடம் குஞ்சு விடுவது ஒரு சடங்காகவே மாறிப்போனது.

இந்த இடத்தில் ஒரு கேள்வி கேட்க வேண்டும். எத்தனை லட்சம் குஞ்சு விட்டார்கள் என்று செய்தியில் வரும். எந்த அளவுக் குஞ்சு என்று வராது. ஓர் அங்குலக் குஞ்சை விரால், வாளை, கெளுத்தி நிறைந்த தண்ணீரில் விட்டால், அது அந்த மீன்களுக்குப் போட்ட தீனி. பத்து சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்த விரலிகளை விட்டால்தான் தப்பிப் பிழைக்கிற எண்ணிக்கை கணிசமாக இருக்கும். அந்த அளவுக்கு வளர்க்க நாற்றங்கால் குளம் வேண்டும், இரண்டு மூன்று மாதம் தீனி போட வேண்டும், செலவு கூடும். எண்ணிக்கை குறையும், படத்துக்கு எடுப்பாக இராது.

அளவு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஆழியாறு நல்ல உதாரணம். பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் 1962-இல் கட்டிய அணை, 650 ஹெக்டேர்தான் பரப்பு. மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆலோசனைப்படி 1980களின் பின்பகுதியில் அங்கே சில மாற்றங்கள் செய்தார்கள். பெரிய விரலிகளாகப் பார்த்து விட்டார்கள். ஒரே நாளில் மொத்தமாகக் கொட்டாமல் வருடத்தில் பல தடவையாகப் பிரித்து விட்டார்கள். சிறுகண்ணி வலையைத் தடுத்து, சின்ன மீன் பிடிபடாமல் பார்த்துக்கொண்டார்கள். ஹெக்டேருக்கு 30 கிலோவுக்கும் கீழே இருந்த விளைச்சல், சில வருடங்களில் 190 கிலோவைத் தாண்டியது. புதிய தொழில்நுட்பம் எதுவும் இதில் இல்லை. குஞ்சின் அளவு, விடுகிற நேரம், வலையின் கண்ணி, அவ்வளவுதான்.

இதையே மேட்டூரிலோ பவானிசாகரிலோ செய்தால் பலன் வருமா என்றால், அப்படியே வராது. ஆழியாறு சின்ன நீர்நிலை. விட்டதைத் திரும்பப் பிடிக்கலாம், கணக்கும் பார்க்கலாம். கிட்டத்தட்ட 7,900 ஹெக்டேர் பரப்புள்ள பவானிசாகரில் விட்ட விரலி எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது. வெள்ளத்தில் மதகு வழியாகக் கீழே போனது திரும்பி வராது. பெரிய அணைகளில் செலவழிக்க வேண்டிய இடம் குஞ்சு அல்ல, இயற்கையாக முட்டையிடுகிற இடங்களையும் தாய்மீனையும் காப்பாற்றுவதுதான் என்பது என் கட்சி. சிறிய தேக்கத்தில் குஞ்சு விடு, பெரிய தேக்கத்தில் குஞ்சைக் காப்பாற்று. ஒரே திட்டத்தை இரண்டுக்கும் போடுவதில்தான் பணம் வீணாகிறது.

சரி, ஜிலேபிக்கு வருவோம். ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இந்த மீனை 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். சீக்கிரம் பெருகும், எதையும் தின்னும், ஏழைக்கு மலிவான புரதம் என்பது நோக்கம். பெருகியது உண்மைதான், கொஞ்சம் அதிகமாகவே. தாய்மீன் முட்டைகளை வாய்க்குள் வைத்தே பொரிக்கும், குஞ்சுகளுக்கு ஆபத்து வந்தால் மறுபடி வாய்க்குள் சேர்த்துக்கொள்ளும். வருடத்துக்குப் பல தடவை இனப்பெருக்கம் செய்யும். வெள்ளமும் வேண்டாம், ஆற்றின் மேலேற்றமும் வேண்டாம். மட்டம் ஏறி இறங்கி மற்ற மீன்களைக் கலங்கடிக்கிற அணையில் இதைவிடப் பெரிய வசதி என்ன இருக்கிறது? ஒரு குழி காய்ந்தால் அடுத்த மாதம் இன்னொரு குழி. உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே உள்ள அமராவதி அணையில் சில வருடங்களிலேயே பிடிப்பின் பெரும்பகுதி ஜிலேபியாகிவிட்டது. வைகை அணைக்கரையில் பொரித்துத் தருவதும் பெரும்பாலும் இதுதான்.

மீன்துறைக்காரர்கள் ஜிலேபியைத் திட்டுவார்கள். கட்லாவின் தீனியில் பங்கு கேட்கிறது, நெருக்கத்தில் குட்டையாகவே நின்றுவிடுகிறது, மற்ற மீன்களின் முட்டையைத் தின்கிறது. எல்லாம் நியாயமான குற்றச்சாட்டுகள்தான். ஆனால் கட்லா இல்லாத மாதத்தில் மீனவர் வீட்டில் அடுப்பு எரிய வைப்பதும் அதுதான். ஒரு குடும்பம் பரிசலில் போய்ப் பத்துப் பதினைந்து கிலோ ஜிலேபியோடு கரை ஏறினால், அன்றைக்கு வட்டிக்கு வாங்க வேண்டியதில்லை. அணைகளில் ஜிலேபியை ஒழிப்பது இனி ஆகிற காரியமும் இல்லை.

மேட்டூரிலும் பவானிசாகரிலும் இன்னும் பரிசல்தான் வாகனம். மூங்கில் பரிசலின் இடத்தில் இப்போது ஃபைபர் பரிசல் நிறைய வந்துவிட்டது. எடை குறைவு, வருடாவருடம் தார் பூச வேண்டியதில்லை. ஒரு பரிசலில் இரண்டு பேர், பல நேரம் கணவனும் மனைவியும். ஒருவர் துடுப்புப் போட, இன்னொருவர் வலையை இறக்குவார். சாயங்காலம் விரித்து விடியுமுன் எடுப்பது வழக்கம். வலையின் மேல்கயிற்றில் தக்கைகள், பல இடங்களில் காலித் தண்ணீர் பாட்டில்களே தக்கை. அடியில் கல்லோ ஈயக் குண்டோ.

இந்த வலை மீனைத் துரத்திப் பிடிப்பதில்லை. சுவர் மாதிரி தண்ணீரில் நிற்கும். இருட்டில் வருகிற மீன் கண்ணிக்குள் தலையை நுழைக்கும். உடம்பு நுழையாது, பின்வாங்கினால் செவுள் மூடி நூலில் மாட்டிக்கொள்ளும். அதனால் கண்ணி எவ்வளவு பெரிதோ அந்த அளவு மீன் மட்டும்தான் மாட்டும். அதைவிடச் சின்னது நுழைந்து போய்விடும், பெரியது முட்டித் திரும்பிவிடும். தமிழ்நாட்டு அணைகளில் பெயர் போன ரங்கூன் வலை கொஞ்சம் வேறு. அதைத் தளர்வாகத் தொங்கவிடுவார்கள். செவுளில் மாட்டாத பெரிய மீன்கூடத் துடுப்பு, முள், வாய் என எங்கேயாவது சிக்கிச் சுருண்டுவிடும். பத்து கிலோ கட்லாவுக்கு அதுதான் சரி.

அணைக்குள் வலை போடுவதில் ஒரு தொல்லை வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. தண்ணீர் தேக்குமுன் வெட்டிய மரங்களின் அடிக்கட்டைகள், மூழ்கிய ஊர்களின் சுவர்கள், பாறைகள் எல்லாம் அடியில் அப்படியே கிடக்கின்றன. இழுவலை போட்டு அரித்தால் வலை கிழிந்து கந்தலாகிவிடும். கடலில் நடக்கிற மாதிரி ஒரேயடியாக வாரிச் சுருட்ட முடியாததற்கு இதுவும் காரணம். ஒருவகையில் மீனுக்கு அந்தக் கட்டைகள்தான் பாதுகாப்பு. அவற்றை அகற்றச் சொல்லிக் கேட்கிறவர்கள் கொஞ்சம் யோசிக்கலாம்.

கண்ணியைப் பெரிதாக வைக்கச் சொல்லி விதி இருக்கிறது. ஆனால் விதியை மீனவர் ஏன் மீறுகிறார் என்பதையும் பார்க்க வேண்டும். கட்லா ஒரு கிலோ ஆகச் சுமார் ஒரு வருடம் வேண்டும். இன்றைக்கு நான் விட்டுவைத்த கால் கிலோ கட்லாவை நாளைக்கு இன்னொருவர் பிடித்துவிடுவார் என்கிற நிலைமையில் யாரும் விட்டுவைக்க மாட்டார்கள். உரிமம் வாங்கியவர் எண்ணிக்கை, உரிமம் இல்லாமல் இரவில் இறங்குகிறவர் எண்ணிக்கை, கூட்டுறவு சங்கம் தருகிற விலைக்கும் தனியார் வியாபாரி கரையில் தருகிற விலைக்கும் உள்ள வித்தியாசம் எல்லாம் சேர்ந்துதான் கண்ணியின் அளவை நிர்ணயிக்கின்றன. சில அணைகளைத் தமிழ்நாடு மீன்வளர்ச்சிக் கழகம் நடத்துகிறது. மேட்டூர் போன்ற இடங்களில் உரிமம் பெற்ற மீனவர்களும் அவர்களது சங்கங்களும். ஏற்பாடு எதுவானாலும், பிடித்தவருக்கு உரிய விலை உடனே கையில் வருகிற இடத்தில் களவு குறைகிறது. வெடி வைத்தும் விஷம் கலந்தும் மீன் பிடிப்பதை 1897-ஆம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டமே தடை செய்துவிட்டது. அந்தச் சட்டத்துக்கு நூறு வயது தாண்டியும் ஆற்று மடுக்களில் வெடிச்சத்தம் முழுசாக நிற்கவில்லை.

கண்மாய்க்கு வந்தால் உலகமே வேறு. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரி, கண்மாய், குளங்கள் உண்டு. பெரும்பாலானவை மழைக்குப் பிறகு சில மாதங்கள் தண்ணீர் வைத்திருந்து, கோடையில் வற்றிவிடும். இந்த வற்றல்தான் அவற்றின் பலம். காய்ந்த சேறு வெடித்துக் காற்றுப் படும். ஆடு மாடு மேய்ந்து சாணம் விழும். மற்ற மீன்களைத் தின்கிற பெரிய மீன்கள் செத்துவிடும். அடுத்த மழையில் தண்ணீர் வந்ததும் புது உரம் போட்ட வயல் கணக்காகத் தயாராக இருக்கும். அதில் ஐப்பசி, கார்த்திகையில் குஞ்சு விட்டு, பங்குனி, சித்திரையில் பிடித்துவிடலாம். தண்ணீர் ஆறு மாதத்துக்கு மேல் நிற்கும் என்றால் கட்லா, ரோகு. நிற்காது என்றால் ஜிலேபி அல்லது சாதாக் கெண்டை. இதுதான் கண்மாய்க்காரரின் கணக்கு.

கண்மாயின் மீன் உரிமையை மீன்பாசி ஏலம் என்று விடுவார்கள். கண்மாய் ஊராட்சியுடையதா, நீர்வளத்துறையுடையதா (முன்பு பொதுப்பணித்துறை) என்பதைப் பொறுத்து ஏலம் விடுகிற அலுவலகம் மாறும். குத்தகைக்காலம் பசலி ஆண்டுக் கணக்கில் ஓடும், ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. மழை பெய்து கண்மாய் நிரம்புமா என்று தெரியாமலேயே பணம் கட்ட வேண்டும் என்பதால் இது பாதி சூதாட்டம். ஒரு வருடக் குத்தகை எடுத்தவர் பெரிய விரலி வாங்கி விட்டு, கரையைக் காத்து நிற்பார் என்று எதிர்பார்க்க முடியாது. போட்டதை எடுக்கப் பார்ப்பார்.

அங்கேதான் சண்டை வருகிறது. மாசி, பங்குனியில் ஆயக்கட்டு விவசாயிக்கு இன்னும் ஒரு நனைப்புத் தண்ணீர் வேண்டும். குத்தகைதாரருக்குத் தண்ணீர் சீக்கிரம் வற்றினால்தான் மீனை வாரலாம். ராத்திரியில் மடையைத் திறந்துவிட்டதாகப் புகார் வராத கோடை பல ஊர்களில் இல்லை. மீன் கொழுக்கட்டும் என்று கோழிக் கழிவைக் கொட்டுவது இன்னொரு புகார். தண்ணீர் நாறும், ஆடு மாடு குடிக்காது, வெயில் ஏறியதும் உயிர்வாயு குறைந்து ஒரே இரவில் மொத்த மீனும் மேலே மிதக்கும். கொட்டியவருக்கே நஷ்டம், ஆனாலும் நிற்கவில்லை. மேட்டூர் மாதிரிப் பெரிய தேக்கத்திலும் மட்டம் குறைந்த நாட்களில் பச்சைப்பாசி படர்ந்து கரையோர ஊர்கள் நாற்றத்தில் தவிப்பதுண்டு. அங்கே கழிவு வருவது மேலே உள்ள ஊர்களிலிருந்து.

ஏலம் விடாத கண்மாய்களும் உண்டு. திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கத்துப் பல ஊர்களில், கோடையில் தண்ணீர் முழங்காலுக்கு வந்ததும் மீன்பிடித் திருவிழா. ஊர்ப் பெரியவர்கள் சாமி கும்பிட்டு, கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார்கள். அதுவரை ஒருவரும் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. துண்டு அசைந்ததும் நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் இறங்குவார்கள். கச்சா, வலை, பழைய சேலை, எது கையில் இருக்கிறதோ அது. இதில் பார்க்கத் தகுந்தது ஊத்தா. மூங்கில் குச்சிகளைக் கட்டிச் செய்த கூம்பு, அடியும் திறந்திருக்கும், மேலே கை நுழைகிற அளவுக்கு ஓட்டை. கலங்கிய தண்ணீரில் நடந்துகொண்டே அதை 'சதக்' என்று சேற்றில் அழுத்துவார்கள். உள்ளே மீன் இருந்தால் குச்சியில் முட்டுகிற அதிர்வு கைக்குத் தெரியும். உடனே மேல் ஓட்டை வழியாகக் கையை விட்டுத் துழாவி, விராலென்றால் கழுத்தைப் பிடித்துத் தூக்க வேண்டும். கெளுத்தியென்றால் துடுப்பு முள்ளைப் பார்த்துப் பிடிக்க வேண்டும். குத்தினால் சாயங்காலம்வரை கடுக்கும். பிடித்ததை விற்கக் கூடாது, அன்றைக்குக் குழம்பு எல்லா வீட்டிலும் ஒரே வாசனை.

இதைப் பழமை என்று ஒதுக்க வேண்டியதில்லை. துண்டு வீசுகிறவரை யாரும் இறங்கக் கூடாது என்கிற கட்டுப்பாடு, மீன் வளர்வதற்கு வேண்டிய மாதங்களைக் கொடுத்துவிடுகிறது. தண்ணீர் வயலுக்குப் போய் முடிந்த பிறகுதான் பிடிப்பு என்பதால் விவசாயியோடு சண்டையும் இல்லை. ஏல முறையில் வருமானம் உண்டு, இந்த ஒழுங்கு இல்லை.

மலைப்பக்கம் கதை சிறியது. ஊட்டி ஏரியில் 1939-இல் இலங்கையிலிருந்து கொண்டுவந்த சாதாக் கெண்டையை விட்டார்கள், அது குளிரில் நன்றாகவே நிலைத்தது. அவலாஞ்சியில் வெள்ளைக்காரர்கள் தூண்டில் விளையாட்டுக்காக டிரவுட் பொரிப்பகம் அமைத்தார்கள். பார்க்க அழகான மீன், ஆனால் நம் ஊர்ச் சாப்பாட்டுக் கணக்கில் அதற்குப் பெரிய இடமில்லை.

தூண்டில்காரர்களுக்கு ஒரு வார்த்தை. குத்தகைக் கண்மாயில் தூண்டில் போடுவதும் குத்தகைதாரரின் அனுமதியோடுதான். பறவைகள் சரணாலயமாக அறிவித்த வேடந்தாங்கல், கூந்தன்குளம் போன்ற இடங்களில் நினைத்துக்கூடப் பார்க்கக் கூடாது. அமராவதி அணையில் முதலைகள் இயற்கையாகவே வாழ்கின்றன. கரையோரம் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நிற்கிற வீரத்தை வேறு எங்கேயாவது காட்டலாம். ஆப்பிரிக்கக் கெளுத்தி மாட்டினால் திரும்பத் தண்ணீரில் விடாதீர்கள். வளர்ப்புக்குத் தடை செய்யப்பட்ட மீன் அது. வெள்ளத்தில் பண்ணைகளிலிருந்து தப்பி வந்து, நம் விராலையும் கெளுத்தியையும் தின்று தீர்க்கிறது. மீன்தொட்டியில் வளர்க்க முடியாமல் யாரோ குளத்தில் விட்ட கவசம் போட்ட உறிஞ்சு மீனுக்கும் அதே தீர்ப்புதான். அதன் முள்ளில் வலை சிக்கினால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

தூர்வாருகிற வேலை நடக்கிற ஊர்களில் கேட்கக்கூடிய ஒன்று உண்டு. கண்மாய் முழுவதையும் ஒரே மட்டமாகச் சமப்படுத்தாமல், மடைக்குத் தள்ளி ஓரிடத்தில் மட்டும் ஐந்தாறு அடி கூடுதல் ஆழமாக ஒரு கசம் விடச் சொல்லலாம். மற்ற இடமெல்லாம் வற்றினாலும் அந்தக் கசத்தில் விராலும் குரவையும் கெண்டையும் தங்கிவிடும். அடுத்த மழைக்கு அவைதான் விதைமீன். இதற்கு ஏல ஒப்பந்தத்தில் ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும்: கசத்துத் தண்ணீரை இறைக்கக் கூடாது.